உப்பளத்து வாக்கியங்களும் எபிரேய இலக்கணமும்

முன்னுரை

ஒரு மொழியைக் கற்கப் புகுவோன் முதலில் தேடுவது சொற்களை. பின்னர்த் தேடுவது அச்சொற்களைக் கோக்கும் நூலை. அந்த நூலே வாக்கிய அமைப்பு. ஆயிரம் சொல் அறிந்தும் ஒரு வாக்கியம் அமைக்கத் தெரியாதவன் ஊமையே ஆவான். நூறு சொல்லே அறிந்தவனாயினும் வாக்கியம் அமைக்கத் தெரிந்தால் கடைக்குச் சென்று உப்பு வாங்கி வந்துவிடுவான்.

தமிழ்நாட்டு மாணவர் எபிரேய மொழியைக் கற்க விரும்பினால் அவர் கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற இலக்கண நூல்களே. அவை ஆங்கிலம் பேசுவோரை மனத்திற்கொண்டு எழுதப்பெற்றவை. ஆங்கிலேயனுக்கு எது கடினமோ அதனை அவை பக்கம் பக்கமாக விளக்கும். அவனுக்கு எது எளிதோ அதனை ஒரு வரியில் முடித்துவிடும். தமிழ் மாணவனுக்கோ கடினமும் எளிமையும் வேறிடங்களில் இருக்கின்றன. தன் தாய்மொழி இலக்கணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஆங்கிலத்தின் தோளில் ஏறி எபிரேயத்தைப் பார்ப்பவன், கிழக்கே இருக்கும் ஊருக்கு மேற்கே சுற்றிச் செல்பவனை ஒப்பான். எபிரேயத்தின் அன்றாட வாக்கியங்களைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு அறிந்துகொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டுகளுக்கு நமக்கு அண்மையிலேயே ஒரு களம் இருக்கிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கழுவேலி ஏரியும் பக்கிங்காம் கால்வாயும் கடலை நெருங்கும் இடத்தில், மரக்காணத்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இதுவே எனக் கருதும் அறிஞர் உளர். பாத்தி, உப்பு, நீர், மழை, வேலை, கூலி என அங்கு வழங்கும் சொற்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றைக் கொண்டே ஒரு மொழியின் எலும்புக்கூட்டைக் காட்டிவிட முடியும். எபிரேயர் நாட்டிலும் உப்பு அந்நியமானதன்று. அவர்கள் ‘உப்புக் கடல்’ என்று அழைக்கும் சாக்கடலின் கரையிலும் அத்லித் கடற்கரையிலும் வெயிலில் நீரை வற்றவிடும் பாத்திகள் உண்டு.

எபிரேயமும் நம்மவரும்

எபிரேயம் பழமையான செமித்திய மொழி. அரபு, அரமேயம் ஆகியவற்றின் உடன்பிறப்பு. நெடுங்காலம் வழிபாட்டிலும் ஏட்டிலும் மட்டும் வாழ்ந்த இம்மொழி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் வீட்டுப் பேச்சாக எழுந்தது. 1881இல் எருசலேமில் குடியேறிய எலியேசர் பென் யெகூதா அம்முயற்சியில் முன்னின்றவர். 1922இல் பாலஸ்தீன ஆட்சியுரிமைச் சாசனத்தில் ஆங்கிலம், அரபு ஆகியவற்றோடு எபிரேயமும் ஆட்சிமொழியாக இடம்பெற்றது.

தமிழகத்திற்கு எபிரேயத் தொடர்பு புதிதன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி, ரூத்தின் வரலாறு வரை முடித்த நிலையில் 1719இல் மறைந்தார். அவருக்குப்பின் சூல்சும், சென்னையில் வாழ்ந்த பெப்ரிசியசும் அப்பணியைத் தொடர்ந்தனர். எபிரேய வாக்கியத்தைத் தமிழ் வாக்கியமாக்கும் சிக்கலை இவர்கள் நாள்தோறும் எதிர்கொண்டிருக்க வேண்டும்.

நம் இனமொழி பேசியவர்களே எபிரேயத்தைப் பேச்சுமொழியாகக் கற்ற வரலாறும் உண்டு. கொச்சி யூதர் வீட்டில் மலையாளமும் வழிபாட்டில் எபிரேயமும் வழங்கியவர்கள். 1950களில் அவர்களுள் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர்; நெவாத்திம் போன்ற சிற்றூர்களில் வேளாண்மை செய்தனர். வழிபாட்டு எபிரேயம் அறிந்த அவர்களும் சந்தையிலும் வயலிலும் பேச வேண்டிய எபிரேயத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. திராவிட மொழி பேசுவோன் எபிரேயத்தை எவ்வாறு நோக்குவான் என்பது, ஆகவே, வெறும் ஏட்டு வினா அன்று.

எழுத்துக் குறிப்பு

எபிரேயச் சொற்களை இங்குத் தமிழ் எழுத்திலேயே தருகின்றேன். சொல்லின் முதலில் வரும் ‘ஹ’ மெல்லோசை. இடையிலும் கடையிலும் வருவது தொண்டையை உரசி எழும் வல்லோசை. ‘ஸெ’ என்னும் சொல்லின் முதலெழுத்து, வண்டின் ரீங்காரம் போன்ற அதிர்வோசை உடையது. தமிழ் எழுத்து இவ்வேறுபாடுகள் அனைத்தையும் காட்டாது. ஒலியைக் கேட்டே கற்க வேண்டும். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படும் என்பதையும் நினைவிற் கொள்க.

பெயரே பயனிலையாதல்

‘ஸெ மெலஹ்’ என்றால் ‘இது உப்பு’ என்பது பொருள். ஸெ: இது. மெலஹ்: உப்பு. வாக்கியம் முடிந்துவிட்டது. ஆங்கிலம் வழியாகக் கற்போன் இங்கே திகைக்கிறான். தன் மொழியில் எழுவாயையும் பயனிலையையும் இணைக்கும் ‘இஸ்’ என்னும் துணைவினை இங்கே எங்கே போயிற்று என்று தேடுகிறான். இலக்கண நூல்கள் ‘நிகழ்காலத்தில் அவ்வினை தொக்கு நிற்கும்’ என்று அவனைத் தேற்றுகின்றன.

தமிழ் மாணவனுக்கு இத்தேற்றரவு வேண்டுவதில்லை. ‘இது உப்பு’, ‘நான் மாணவன்’, ‘அவர் ஆசிரியர்’ என்று பெயரையே பயனிலையாகக் கொண்டு முடிப்பது நம் மொழியின் இயல்பு. இதனைப் பெயர்ப்பயனிலை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ‘அனி தல்மித்’ - நான் மாணவன். ‘அனி தல்மிதா’ - நான் மாணவி. தொகுவதும் இல்லை, விரிவதும் இல்லை. நம் ‘நான் மாணவன்’ எப்படி முழு வாக்கியமோ அப்படியே அதுவும் முழு வாக்கியம்.

ஆனால் ஓரிடத்தில் விழிப்பு வேண்டும். ‘ஹ’ என்னும் முன்னொட்டு, முன்பே அறியப்பட்ட பொருளைச் சுட்டும். பின்வரும் மூன்றையும் ஒப்பிடுக.

மெலஹ் லவான் - வெள்ளை உப்பு
ஹமெலஹ் ஹலவான் - அந்த வெள்ளை உப்பு
ஹமெலஹ் லவான் - அந்த உப்பு வெள்ளை

முதல் இரண்டும் சொற்றொடர்கள். மூன்றாவது மட்டுமே வாக்கியமாக முடிகிறது. பெயரும் அடையும் ஒத்து நின்றால், அதாவது இரண்டும் ‘ஹ’ பெற்றோ இரண்டும் பெறாமலோ நின்றால், அடையாகக் கொள்ளலாம். பெயர் மட்டும் ‘ஹ’ பெற்று, அடுத்த சொல் பெறாமல் நின்றால், அச்சொல் பயனிலை. தமிழில் ‘வெள்ளை உப்பு’, ‘உப்பு வெள்ளை’ எனச் சொற்களை இடம் மாற்றி இவ்வேறுபாட்டைக் காட்டுகிறோம். எபிரேயத்தில் இடம் மாறுவதில்லை. ஓரெழுத்தே வேலையைச் செய்கிறது. அடை எப்போதும் பெயருக்குப் பின்னரே வரும்.

அன்று, இல்லை, உண்டு

ஆங்கிலேயன் இடர்ப்பட, தமிழன் இயல்பாக நடக்கும் பாதை இதுவே. எபிரேயத்தில் எதிர்மறைச் சொற்கள் இரண்டு: லோ, ஏன்.

ஸெ லோ மெலஹ் - இது உப்பு அன்று
ஏன் மெலஹ் - உப்பு இல்லை

ஒரு பொருளின் தன்மையை மறுப்பது ஒன்று. ஒரு பொருளின் இருப்பை மறுப்பது மற்றொன்று. பாத்தியில் கிடப்பது வெறும் சுண்ணாம்புப் படிவு என்று சொல்ல ‘உப்பு அன்று’ என்போம். பாத்தி வெறுமையாக இருந்தால் ‘உப்பு இல்லை’ என்போம். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே மறுப்புச் சொல்லால் வேலை வாங்குகிறது. ஆங்கில வழியே செல்லும் நம் மாணவனோ தனக்குப் பழக்கமான வேறுபாட்டை மறந்துவிட்டு, ‘லோ’ எங்கே, ‘ஏன்’ எங்கே என்று பட்டியலிட்டு மனப்பாடம் செய்கிறான். ‘அன்று’ எனத் தமிழில் தோன்றினால் லோ. ‘இல்லை’ எனத் தோன்றினால் ஏன். இந்த ஒரு வரி அப்பட்டியலின் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். இன்றைய பேச்சில் ‘இது உப்பு இல்லை’ என்றும் கூறுகிறோம்; ஆகவே எழுத்துத் தமிழின் வழக்கையே அளவுகோலாகக் கொள்ளுதல் நலம். (இந்த ‘ஏன்’ வினாச் சொல் அன்று என்பதையும் மறவற்க!)

‘ஏன்’ என்பதன் மறுதலை ‘யெஷ்’, நம் ‘உண்டு’. யெஷ் மெலஹ் - உப்பு உண்டு. நன்னூலார் வேறு, இல்லை, உண்டு என்னும் மூன்றையும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவாக்கினார். யெஷ் என்பதும் அவ்வாறே ஆண்பால் பெண்பால், ஒருமை பன்மை என்று பாராமல் ஒரே வடிவாக நிற்பது. வியப்பு இதனோடு முடியவில்லை. உடைமையைக் கூற ஆங்கிலத்தில் தனி வினை உண்டு, எபிரேயத்தில் இல்லை, தமிழிலும் இல்லை.

யெஷ் லி அவோதா - எனக்கு வேலை உண்டு
ஏன் லி அவோதா - எனக்கு வேலை இல்லை

லி என்பது ‘எனக்கு’. நான்காம் வேற்றுமை கொண்டு உடைமையைக் கூறும் முறை இரு மொழிக்கும் பொது. இறந்தகாலத்திலும் ஒற்றுமை தொடர்கிறது. ‘உண்டு’ என்பதற்கு இறந்தகால வடிவம் இல்லாமையால் நாம் ‘இருந்தது’ என்னும் வேறு வினையை நாடுகிறோம். யெஷ் என்பதற்கும் இறந்தகாலம் இல்லை. ‘ஹாயா’ என்னும் வினை வருகிறது. ‘ஹாயா லி மெலஹ்’ - என்னிடம் உப்பு இருந்தது. ஆனால் இவ்வினை பால் பார்க்கும். அவோதா பெண்பாற் சொல்லாதலின் ‘ஹாய்தா லி அவோதா’ என வரும்.

உப்பு வாரினேன், உப்பை வாரினேன்

‘உப்பு வாரினேன்’ என்பதற்கும் ‘உப்பை வாரினேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர் எவரும் உணர்வர். முன்னது செய்த தொழிலைக் கூறுகிறது. பின்னது இன்ன உப்பு என்று தெரிந்த ஒன்றைக் குறிக்கிறது. எபிரேயத்திலும் இவ்வேறுபாடு உண்டு.

அஸஃப்தி மெலஹ் - உப்பு வாரினேன்
அஸஃப்தி எத் ஹமெலஹ் - அந்த உப்பை வாரினேன்

‘எத்’ என்னும் இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பே இல்லை. நமக்கோ அது இரண்டாம் வேற்றுமை உருபு; ‘ஐ’ பின்னே ஒட்டும், ‘எத்’ முன்னே தனித்து நிற்கும். எனினும் முற்றும் ஒன்றெனக் கொள்ளலாகாது. தமிழில் உயர்திணைப் பெயர் பெரும்பாலும் ‘ஐ’ பெற்றே வரும். ‘ஒரு சிறுவனைப் பார்த்தேன்’ என்போம். எபிரேயத்தில் திணை பற்றிய கவலை இல்லை. சுட்டப்பட்ட பொருளா, இயற்பெயரா என்பதே கேள்வி. ஆதலின் ‘ஒரு சிறுவனை’ என்னுமிடத்தில் எத் வாராது; ‘மோசேயைப் பார்த்தேன்’ என்னுமிடத்தில் வரும்.

வினையும் வினையாலணையும் பெயரும்

எபிரேயத்தின் இறந்தகால வினை தமிழ் வினைமுற்றைப் போல ஈற்றிலே இடத்தைக் காட்டும். அஸஃப்தி - வாரினேன். அஸஃப்தா - வாரினாய் (ஆண்). அஸஃப்த் - வாரினாய் (பெண்). அஸஃப் - வாரினான். அஸ்ஃபா - வாரினாள். அஸஃப்னு - வாரினோம். எனவே ‘நான்’ என்று தனியே சொல்லாமலே வாக்கியம் நிறைவுறும். தமிழ் மாணவனுக்குப் புதியது ஒன்றே: முன்னிலையிலும் ஆண் பெண் வேறுபாடு உண்டு.

நிகழ்காலமோ வேறு வகை. அனி ஓஸேஃப், அத்தா ஓஸேஃப், ஹு ஓஸேஃப் - நான், நீ, அவன் மூவர்க்கும் ஒரே வடிவம். பெண்ணாயின் ஓஸெஃபெத், பலராயின் ஓஸ்ஃபிம், பல பெண்டிராயின் ஓஸ்ஃபோத். ‘நிகழ்காலம் இடம் காட்டாது, பால் காட்டும்’ என்று நூல்கள் விதி கூறும். ஏன் அவ்வாறு என்பதை நம் இலக்கணம் எளிதில் விளக்கும். ஓஸேஃப் என்பதை ‘வாருகிறான்’ என்று கொள்ளாமல் ‘வாருபவன்’ என்று கொள்க. நான் வாருபவன், நீ வாருபவன், அவன் வாருபவன். நான் வாருபவள், அவர்கள் வாருபவர்கள். வினையாலணையும் பெயர் இடம் காட்டாது, பால் காட்டும். எழுவாயைத் தனியே சொன்னாலன்றி யார் என்பது விளங்காது. விதி முழுவதும் இதனுள் அடங்கிவிட்டது.

ஆங்கில வழிக் கற்போரிடையே வழங்கும் நகைச்சுவை ஒன்றையும் இங்குக் கூறலாம். எபிரேயத்தில் ‘மீ’ என்றால் யார். ‘ஹு’ என்றால் அவன். ‘ஹீ’ என்றால் அவள்! ஆங்கிலம் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தால் இம்மூன்றும் தலைகீழாகும்.

தமிழனுக்கு உரிய இடர்கள்

இதுவரை கண்டவை எளிய பாதைகள். இனி மேட்டு நிலத்திற்கு வருவோம். நமக்குக் கடினமாக இருப்பவை நான்கு.

முதலாவது, உருபு முன்னே நிற்றல். பெ-மரக்காணம்: மரக்காணத்தில். லெ-மரக்காணம்: மரக்காணத்துக்கு. மி-மரக்காணம்: மரக்காணத்திலிருந்து. நாம் வாலிலே கட்டும் மணியை அவர்கள் கழுத்திலே கட்டுகிறார்கள். அதனோடு, பெ என்பது ‘ஹ’ என்பதோடு சேர்ந்தால் ‘ப’ எனத் திரியும்: பெயாம் - ஒரு கடலில், பயாம் - அந்தக் கடலில். புணர்ச்சி விதி பயின்ற நமக்கு இத்திரிபு அச்சம் தராது.

இரண்டாவது, தொடரின் முறை மாறுதல். ‘உப்புக் கடல்’ என்று நாம் கூறுவதை அவர்கள் ‘யாம் ஹமெலஹ்’ என்று, கடலை முன்னும் உப்பைப் பின்னுமாக நிறுத்துவர். குளத்து மீன் என்னும்போது சார்ந்து நிற்கும் ‘குளம்’ என்னும் சொல்லே அத்துச் சாரியை பெற்றுத் திரிகிறது, ‘மீன்’ மாறுவதில்லை. எபிரேயத்தில் தலைமைச் சொல்லே திரியும். ப்ரெஹா - நீர்நிலை. ப்ரெஹத் மெலஹ் - உப்பு நீர்நிலை, அதாவது உப்புப் பாத்தி. ‘அந்த உப்புப் பாத்தி’ என்பதற்கு ‘ஹ’ கடைச்சொல்லிலேயே ஏறும்: ப்ரெஹத் ஹமெலஹ்.

மூன்றாவது, எச்சம் பின்வருதல். ‘உப்பு வாரும் பெண்’ என்பதில் பெண் கடைசியில் வருகிறாள். எபிரேயத்தில் ‘ஹஇஷா ஷெஓஸெஃபெத் மெலஹ்’ - பெண் முதலில். அவளைப் பற்றிய செய்தி ‘ஷெ’ என்னும் இணைப்பைப் பற்றிக்கொண்டு பின்னே. வாக்கியத்திலும் வினை இடையில் நிற்கும். செயப்படுபொருள் அதன்பின் வரும். தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படிப்பது போல எண்ணிப் பழகுதல் வேண்டும்.

நான்காவது, பால். நமக்கு உப்பும் கடலும் வேலையும் அஃறிணை, அவ்வளவே. எபிரேயத்தில் அஃறிணையே இல்லை. உப்பும் கடலும் ஆண், வேலை பெண். தண்ணீரோ எப்போதும் பன்மை: ‘ஹமாயிம் மெலூஹிம்’ - தண்ணீர் உப்பாக இருக்கிறது. ‘தண்ணீர்கள் உப்பானவைகள்’ என்பது போன்ற அமைப்பு. இதனை எல்லா இடத்தும் உய்த்துணர இயலாது. ஒவ்வொரு சொல்லையும் அதன் பாலோடு சேர்த்தே நெட்டுருச் செய்தல் வேண்டும்.

இவற்றோடு மரியாதையும் ஒரு சிக்கல். ‘நீங்கள்’ என்னும் மதிப்புப் பன்மை அன்றாட எபிரேயத்தில் இல்லை. பேராசிரியரையும் ‘அத்தா’ என்றே, அதாவது ‘நீ’ என்றே விளிக்க வேண்டும். வாய் கூசும், ஆயினும் அங்கே அது குறைவன்று. ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாடும் இல்லை. இரண்டுக்கும் ‘அனஹ்னு’ ஒன்றே.

வேர்ச்சொல்லும் போலி ஒப்புமையும்

தமிழ்ச் சொல் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பாத்தி பாத்தியாக வரிசையில் அமைவது. எபிரேயச் சொல்லோ மூன்று மெய்களை வேராகக் கொண்டு, உயிர்களை உள்ளே மாற்றி விளைவது. க-த-வ என்னும் வேரிலிருந்து கதாவ் (எழுதினான்), மிஹ்தாவ் (கடிதம்), க்தோவெத் (முகவரி) ஆகியன தோன்றும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மெலஹ் உப்பு, மல்லாஹ் கப்பலோட்டி. மெய்கள் ஒன்றே. கடலில் உப்பு உண்டு, கப்பலோட்டி கடலில் செல்பவன் என்று உறவு கற்பிக்கத் தோன்றும். ஆனால் மல்லாஹ் என்பது அக்கேடிய மொழி வழியாகச் சுமேரியத்திலிருந்து வந்த சொல் என்பர். நம் ‘மாலுமி’யும் இதனோடு ஒலியில் நெருங்குகிறது; அதுவோ அரபுச் சொல்லாகிய ‘முஅல்லிம்’ என்பதன் திரிபு என்று தமிழ்ப் பேரகராதி கூறும். எபிரேயத் ‘துக்கி’ நம் ‘தோகை’ என்னும் கருத்துக் கால்டுவெல் காலம் தொட்டு ஆராயப்படுவது. அதுபோன்ற ஆய்வு வேறு, ஒலி ஒத்தால் உறவு என்று துள்ளுவது வேறு. மேலே கண்ட வாக்கிய ஒற்றுமைகளும் இனவுறவைக் காட்டுவன அல்ல. தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே சிக்கலுக்கு ஒரே தீர்வைக் காணக்கூடும். அவ்வளவே நாம் கொள்ளத்தக்கது.

பயிற்சி

பின்வரும் வாக்கியங்களை, பொருளை மறைத்துக்கொண்டு, தமிழாக்கிப் பார்க்க.

1. ஸெ லோ ஸுகார், ஸெ மெலஹ். (இது சர்க்கரை அன்று, இது உப்பு.)
2. யெஷ் மாயிம் பயாம். (கடலில் தண்ணீர் உண்டு.)
3. பகெஷெம் ஏன் அவோதா. (மழையில் வேலை இல்லை.)
4. ஹஇஷா ஓஸெஃபெத் எத் ஹமெலஹ். (அந்தப் பெண் அந்த உப்பை வாருகிறாள்.)
5. ஏன் லானு அவோதா பெ-மரக்காணம். (எங்களுக்கு மரக்காணத்தில் வேலை இல்லை.)

மூன்றாம் வாக்கியமும் ஐந்தாம் வாக்கியமும் இலக்கணத்துக்காக மட்டும் அமைந்தவை அல்ல. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்க, உப்பளத் தொழிலாளர் ஆண்டுதோறும் கூறும் சொற்களே அவை. எம்மொழியில் கூறினும் அவற்றின் கரிப்பு ஒன்றே.

முடிவுரை

எபிரேயம் கற்போர் நம்மிடையே பலர் ஆகாமல் இருக்கலாம். இறையியல் பயில்வோர் சிலர், மொழியியல் ஆர்வலர் சிலர், வேலை நாடி அங்குச் செல்வோர் சிலர் என அமையலாம். ஆனால் இதிலுள்ள பாடம் எபிரேயத்துக்கு மட்டும் உரியதன்று. செருமன், சப்பானியம், அரபு என எம்மொழியை ஆங்கில நூல்வழிக் கற்றாலும், அந்நூல் ‘இது கடினம்’ என்று கூறும் இடத்தில் ஒரு கணம் நின்று, ‘தமிழில் இதனை எவ்வாறு கூறுவோம்?’ என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். பல இடங்களில் கதவு திறந்தே இருப்பது தெரியவரும். ‘இது எளிது’ என்று அந்நூல் கடந்து செல்லும் இடத்திலோ நாம் இருமுறை நின்று பார்த்தல் வேண்டும்.

பெயர்ப்பயனிலை, வேற்றுமை உருபு, வினையாலணையும் பெயர் என்பன தேர்வு எழுதிவிட்டு மறப்பதற்குரிய சொற்கள் அல்ல. பிறமொழிகளைத் திறக்கும் திறவுகோல்கள். அவை ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. பயன்படுத்துவது நம் கடன்.